படிப்புக்குப் பின் என்ன? – பொருளியலறிஞர் பிலிஸ் வாலஸ் அம்மையாரின் வாழ்வும் பணியும்

கல்விக் கழகம் ஒன்று இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் நாள் மகிழ்ச்சிக்குரிய நாள். கணக்குப் பார்ப்பதற்குரிய நாளுமாகும். எத்தனை பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தோம், எத்தனை பேர் தேறினர், எத்தனை பேருக்கு உதவித்தொகை பெற்றுத் தந்தோம் என்னும் கணக்குகள் இம்மலரின் பிற பக்கங்களில் இடம்பெறுகின்றன. அவற்றைப் பெருமையோடு படிக்கும் நாம், அவற்றில் எழுதப்படாத ஒரு கணக்கையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும். படித்து முடித்த நம் பெண்பிள்ளைகள் அதன்பின் என்ன ஆயினர் என்பதே அக்கணக்கு.

இக்கேள்வியைத் தம் ஆய்வின் நடுப்பொருளாகக் கொண்ட பெண்மணி ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவரும் ஒதுக்கப்பட்ட இனம் ஒன்றிலே பிறந்தவர். ஒதுக்கி வைத்தோர் கொடுத்த பணத்தைக் கொண்டே உயர்கல்வி பெற்றவர். பின்னர், அந்த ஒதுக்கலின் நீள அகலங்களை அளந்து காட்டியவர். பேராசிரியர் பிலிஸ் ஆன் வாலஸ் என்பது அவர் பெயர். அவர்தம் வரலாற்றை நம் மக்கள் அறிதல் நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

முன்னோடி ஒருவர்

வாலஸ் அம்மையார் பிறந்தது 1921ஆம் ஆண்டில். அதே ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் சேடி டானர் மோசல் என்னும் கறுப்பினப் பெண்ணுக்குப் பொருளியலில் முனைவர் பட்டம் வழங்கியது. அந்நாட்டுக் கறுப்பின மக்களுள் பொருளியலில் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. தென் மாநிலங்களிலிருந்து பிலடெல்பியா நகருக்குக் குடிபெயர்ந்த நூறு கறுப்பினக் குடும்பங்களின் வாழ்க்கைத்தரம் பற்றியது அவரது ஆய்வு. ஆயினும், பட்டம் கையில் இருந்தும் பல்கலைக்கழக ஆசிரியப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. கறுப்பினத்தார் நடத்திய காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் சில காலம் வேலை பார்த்தார். பின்னர்ச் சட்டம் பயின்று 1927இல் தேறி, வழக்கறிஞராகி, குடியுரிமைப் போராட்டங்களில் பெரும் பங்கு கொண்டார்.

அவர் சட்டத் துறையில் ஓங்கி நின்றார் என்பதில் ஐயமில்லை. ஆனால் பொருளியல் துறை ஓர் அறிஞரை இழந்தது. படிப்பு மட்டும் இருந்தால் போதும், கதவு தானே திறக்கும் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை மறத்தல் ஆகாது.

விலக்கி வைக்க ஓர் உதவித்தொகை

வாலஸ் அம்மையார் வளர்ந்தது மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில். அடிமையாய்ப் பிறந்து, அந்நகரிலே எழுத்தறிவு பெற்று, 1838இல் அங்கிருந்தே தப்பியோடி, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெருந்தலைவராக விளங்கிய பிரெடரிக் டக்ளஸின் பெயரால் அமைந்த உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். அது கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியே ஒதுக்கப்பட்ட பள்ளி. 1939இல் அங்கே படிப்பை முடித்தார்.

அடுத்து மேற்படிப்பு. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் இளநிலை வகுப்புகளில் கறுப்பின மாணவர்க்கு அந்நாளில் இடமில்லை. 1951ஆம் ஆண்டிலேதான் அக்கதவு திறந்தது. அதுவரை மாநில அரசு ஒரு வழியைக் கையாண்டு வந்தது. வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்பட்டு, கறுப்பினத்தாரின் மார்கன் கல்லூரியில் கற்பிக்கப்படாத பாடம் எதையேனும் ஒரு கறுப்பின மாணவர் விரும்பினால், அவர் வேறு மாநிலம் சென்று படிக்க அரசே பணம் கொடுத்தது. மாநிலத்துக்குள்ளேயே இடமளிக்க வேண்டும் என்று 1938இல், மிசௌரி மாநிலச் சட்டக் கல்லூரி பற்றிய கெய்ன்ஸ் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு வந்த பின்னரும் பழைய வழக்கம் தொடர்ந்தது.

பொருளியல் அத்தகைய பாடங்களுள் ஒன்றாயிருந்தது. ஆகவே வாலஸ் அம்மையார் பொருளியலைத் தேர்ந்தெடுத்தார். நியூயார்க் பல்கலைக்கழகம் சென்றார். ஒதுக்கல் சட்டத்தில் இருந்த ஓர் இடைவெளியே அவரைப் பொருளியலறிஞர் ஆக்கியது எனலாம்.

இங்கே நமக்கு அண்ணல் அம்பேத்கரின் நினைவு வருகின்றது. 1913இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் அளித்த உதவித்தொகையைக் கொண்டு அண்ணலும் அதே நியூயார்க் நகருக்குச் சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றார். பரோடா கொடுத்த பணம், கற்றுத் திரும்பி வந்து பணியாற்ற வேண்டும் என்று கொடுத்த பணம். மேரிலாந்து கொடுத்ததோ, நம் வகுப்பறைக்குள் வந்துவிடாதே என்று கொடுத்த பணம். உதவித்தொகை என்னும் பெயர் ஒன்றே, நோக்கம் வேறு. இவ்வேறுபாட்டை நம் கழகம் போன்ற அமைப்புகள் எக்காலத்தும் நினைவில் இருத்த வேண்டும்.

பட்டம் பெற்றும் அலைந்த ஆண்டுகள்

1943இல் இளநிலைப் பட்டம் பெற்ற அம்மையார் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1944இல் முதுநிலைப் பட்டமும் 1948இல் முனைவர் பட்டமும் பெற்றார். யேலில் பொருளியல் முனைவரான முதல் கறுப்பினப் பெண் அவரே. அப்பல்கலைக்கழகம் இளநிலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்ததே 1969இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். பன்னாட்டுச் சர்க்கரை ஒப்பந்தங்கள் பற்றியது அவரது ஆய்வேடு. அப்போது அவர் ஆய்ந்தது பண்டங்களின் வாணிகத்தையே. மனிதரின் உழைப்பு பின்னரே அவர்தம் ஆய்வுப்பொருளாயிற்று.

அத்தகைய தகுதி உடையவருக்குப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் நிலையான இடம் கிடைத்திருத்தல் வேண்டும். கிடைக்கவில்லை. நியூயார்க்கில் பொருளியல் ஆய்வு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிக்கொண்டே நகரக் கல்லூரியில் பகுதிநேர விரிவுரையாளராக இருந்தார். 1953 முதல் 1957 வரை, கறுப்பினத்தாரின் உயர்கல்விக்கென அமைந்த அட்லாண்டாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அதன்பின் நடுவண் அரசின் உளவுத் துறையில் சோவியத் நாட்டுப் பொருளாதாரத்தை ஆராயும் பணியில் சில ஆண்டுகள் கழிந்தன. அயல்நாட்டின் உற்பத்திக் கணக்கை ஆராய அரசு அவரை அமர்த்திக்கொண்டது. ஆனால் தம் இனத்தாரின் உழைப்பைப் பற்றி ஆராயும் வாய்ப்பு அவருக்கு நாற்பது வயதைக் கடந்த பின்னரே வாய்த்தது.

எண்ணும் அதிகாரம்

1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வேலைவாய்ப்பில் இனம், நிறம், சமயம், பால், பிறந்த நாடு ஆகியவற்றின் பேரால் வேறுபாடு காட்டுதலைத் தடை செய்தது. இதனைச் செயற்படுத்தச் சமவேலைவாய்ப்பு ஆணையம் ஒன்று 1965இல் பணி தொடங்கியது. அறுபதுகளின் பிற்பகுதியில் அவ்வாணையத்தின் தொழில்நுட்ப ஆய்வுப் பிரிவுக்கு வாலஸ் அம்மையார் தலைமை தாங்கினார்.

ஆணையத்துக்கு ஒரு பெருங்குறை இருந்தது. தவறு செய்த கம்பெனிமேல் தானே வழக்குத் தொடரும் அதிகாரம் அதற்கு 1972 வரை வழங்கப்படவில்லை. புகாரை விசாரிக்கலாம், சமரசம் பேசலாம், அவ்வளவே. ஆனால் ஓர் அதிகாரம் இருந்தது. அதுதான் எண்ணும் அதிகாரம். நூறு பேருக்கு மேல் வேலை கொடுக்கும் கம்பெனிகள், எந்தப் பதவியில் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், எந்த இனத்தார் உள்ளனர் என்று ஆண்டுதோறும் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அதுவரை ‘எங்களிடம் வேறுபாடு இல்லை’ என்று வாயால் சொல்லி வந்தவர்கள், தம் கையாலேயே எழுதிக் கொடுக்க நேர்ந்தது.

நம் நாட்டிலும் இவ்வழியை முன்பே ஒருவர் காட்டியிருக்கிறார். 1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கல்வி மானியம் பற்றிப் பேசிய அண்ணல் அம்பேத்கர், அரசின் கல்வித் துறை அறிக்கையில் இருந்த எண்களையே எடுத்து வைத்து, தொடக்கப் பள்ளியிலிருந்து கல்லூரி வரையில் ஒவ்வொரு வகுப்பாரும் எந்நிலையில் உள்ளனர் என்று ஒப்பிட்டுக் காட்டினார். மேலே செல்லச் செல்லத் தாழ்த்தப்பட்டோர் மறைந்து போகும் உண்மை அதனால் வெளிப்பட்டது. அண்ணலும் பம்பாயில் பொருளியல் பேராசிரியராகப் பணியாற்றியவரே.

தகுதி என்னும் வேலி

அக்காலப் பொருளியலில் ஒரு கொள்கை செல்வாக்குப் பெற்று வந்தது. கல்வி என்பது ஒருவன் தன்மேல் இடும் முதலீடு. கல்வி மிகுந்தால் வருவாய் மிகும். வருவாய் குறைந்தோர் கல்வியிலும் பயிற்சியிலும் குறைந்தோர் என்பது அதன் சாரம். இதில் உண்மை உண்டு. எனினும் முழு உண்மை இல்லை. 1940இல், வேலைக்குச் சென்ற கறுப்பினப் பெண்களுள் பத்துப் பேரில் ஆறு பேர் பிறர் வீடுகளில் வேலைக்காரிகளாக இருந்தனர். அவர்களுள் பள்ளியில் நன்கு பயின்றவர்களும் இருந்தனர். அவர்களைச் சமையற்கட்டில் நிறுத்தியது கல்விக் குறைவன்று. வேறு இடம் தராமைதான்.

கல்வியே வேலியாகவும் ஆக்கப்படலாம் என்பதை மற்றொரு வழக்கு காட்டியது. வட கரோலினாவில் டியூக் மின்சாரக் கம்பெனியின் நிலையம் ஒன்றில், கறுப்பினத் தொழிலாளர் மிகக் குறைந்த கூலி தரும் ஒரு பிரிவில் மட்டுமே அமர்த்தப்பட்டிருந்தனர். சட்டம் நடைமுறைக்கு வந்த 1965 ஜூலை 2 அன்றே, கம்பெனி அறிவுத்திறத் தேர்வுகளை ஒரு நிபந்தனையாகச் சேர்த்தது. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் வேண்டும் என்றது. அதுவரை சான்றிதழ் இன்றியே அந்த வேலைகளைச் செய்து வந்த வெள்ளையர்கள் தொடர்ந்து நன்றாகவே செய்து வந்தனர். செய்யும் வேலைக்குத் தொடர்பில்லாத தேர்வும் சான்றிதழும் ஓர் இனத்தாரை விலக்குமாயின் அவை சட்டத்துக்கு மாறானவை என்று 1971இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். வேலைத் தேர்வுகள் பற்றி ஆணையம் வகுத்த நெறிமுறைகளுக்கு அத்தீர்ப்பில் மதிப்புத் தரப்பட்டது.

‘தகுதி’ என்னும் சொல்லைக் கேட்டு வளர்ந்த நம் மக்களுக்கு இவ்வழக்கை விளக்க வேண்டுவதில்லை. தகுதி வேண்டாம் என்பது நம் வாதமன்று. எந்த வேலைக்கு எந்தத் தகுதி, அதை வகுத்தவர் யார் என்று கேட்பதே நம் உரிமை.

தொலைபேசிக் கம்பெனி வழக்கு

அமெரிக்கத் தொலைபேசி தந்திக் கம்பெனி அந்நாளில் அந்நாட்டின் மிகப் பெரிய தனியார் முதலாளி. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் வேலை பார்த்தனர். அவர்களுள் பெண்களே பாதிக்கு மேல். இணைப்புக் கொடுக்கும் பெண்கள் ஒரு பக்கம். கம்பமேறிக் கம்பி இழுக்கும் ஆண்கள் ஒரு பக்கம். ஆண்களின் பக்கத்தில் கூலி மிகுதி, பதவி உயர்வும் மிகுதி. பெருநகரங்களில் கறுப்பினப் பெண்கள் சேர்க்கப்பட்டது பெரும்பாலும் இணைப்புப் பலகையின் முன்னேதான்.

1970இன் இறுதியில் அக்கம்பெனி தொலைதூர அழைப்புக் கட்டணத்தை உயர்த்த அனுமதி கோரியது. வழக்குத் தொடரும் அதிகாரமற்ற ஆணையம், கட்டணத்தை முடிவு செய்யும் அரசு அமைப்பின் முன்சென்று, வேறுபாடு காட்டும் கம்பெனிக்குக் கட்டண உயர்வு தரலாகாது என்று முறையிட்டது. கம்பெனி தானே எழுதிக் கொடுத்த எண்களும் அதன் ஏடுகளும் சான்றுகளாயின. 1973 ஜனவரியில் கம்பெனி உடன்பாட்டுக்கு இறங்கி வந்தது. ஏறத்தாழ 15,000 பேருக்கு ஒன்றரைக் கோடி டாலர் பழைய பாக்கியாக வழங்க இசைந்தது. அவர்களுள் ஏறத்தாழ 13,000 பேர் பெண்கள். இதுவன்றி, ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டாலர் ஊதிய உயர்வும், ஆண்களின் வேலைகளில் பெண்களைச் சேர்க்கும் திட்டமும் ஏற்கப்பட்டன.

இவ்வழக்குக்குப் பின்புலமான பொருளியல் ஆய்வில் முன்னின்றவர் வாலஸ் அம்மையார். அவர் பதிப்பித்த நூல் ஒன்று இவ்வழக்கின் வரலாற்றையும் பொருளியலையும் 1976இல் உலகுக்கு எடுத்துரைத்தது. வெற்றி அவர் ஒருவருடையதன்று. தெருவில் இறங்கிய குடியுரிமை இயக்கமும், பெண்கள் இயக்கமும், வழக்கறிஞர்களும், புகார் எழுதக் துணிந்த தொழிலாளப் பெண்களும் இல்லாமல் எண்கள் தாமே பேசியிரா. ஆனால் அவர்கள் பேசியபோது, மறுக்க முடியாதபடி அவர்கள் கையில் இருந்தவை அந்த எண்களே.

ஒரு குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கறுப்பினப் பெண்கள் இணைப்புப் பலகைக்கு வந்து சேர்ந்த காலத்திலேயே, தானியங்கிப் பொறிகள் அவ்வேலையை விழுங்கத் தொடங்கியிருந்தன. கதவு திறக்கும்போதே உள்ளிருக்கும் அறை சிறுத்துப் போவதும் உண்டு.

பெண்பிள்ளைகள் பற்றிய ஆய்வு

ஆணையத்திலிருந்து விலகிய அம்மையார், உளவியலறிஞர் கென்னத் கிளார்க் 1967இல் நியூயார்க்கில் நிறுவிய ஆய்வு மையத்தில் சேர்ந்தார். பள்ளிகளில் நிறப் பிரிவினையைச் செல்லாதாக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டவை கிளார்க்கின் ஆய்வுகள். அங்கே அம்மையார் எடுத்துக்கொண்ட பொருள், வேலையற்ற கறுப்பின இளம்பெண்கள். அந்நாளில் வேலையில்லா இளைஞர் என்றாலே பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைப் பற்றியே பேசினர்; தெருமுனையில் நின்று கண்ணில் பட்டவர்கள் அவர்களே. வீட்டுக்குள் இருந்த பெண்கள் கண்ணில் படவில்லை. ஆனால் எண்களில் பட்டனர். வேலை தேடிய கறுப்பின இளம்பெண்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வேலை கிட்டவில்லை. இவர்கள் பள்ளியிலிருந்து வேலைக்குச் செல்லும் வழிகளை ஆராய்ந்த அவரது நூல் 1974இல் வெளிவந்தது. உழைக்கும் கறுப்பினப் பெண்கள் பற்றிய மற்றொரு நூல் 1980இல் வெளிவந்தது.

ஆசிரியப் பணி

எழுபதுகளின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளிக்கு வருகைப் பேராசிரியராக அழைக்கப்பட்ட அம்மையார், விரைவில் அங்கே நிலையான பேராசிரியரானார். அப்பள்ளியில் அந்நிலை பெற்ற முதல் பெண் அவரே. முனைவர் பட்டம் பெற்றுக் கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது. 1986இல் ஓய்வு பெற்றார். 1988இல் தொழிலுறவு ஆய்வாளர்களின் தேசியச் சங்கத்துக்குத் தலைவரானார். அப்பொறுப்பு ஒரு பெண்ணுக்கோ கறுப்பினத்தவருக்கோ கிடைத்தது அதுவே முதன்முறை. மேலாண்மைப் பட்டம் பெற்ற ஆண்களும் பெண்களும் பின்னாளில் பதவியில் எவ்வாறு உயர்ந்தனர் என்பதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1989இல் ஒரு நூல் எழுதினார். வகுப்பறையை விட்டுச் சென்ற மாணவர்களையும் அவர் கணக்கிலிருந்து விட்டுவிடவில்லை என்பதற்கு இது சான்று.

அவர்தம் 1980ஆம் ஆண்டு நூலுக்குப் பங்களித்தவர்களுள் ஜூலியேன் மால்வோ என்பவரும் ஒருவர். அவரும் அதே கழகத்தில் பொருளியல் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னாளில் கறுப்பினப் பெண்களுக்கெனப் புகழ்பெற்ற பென்னட் கல்லூரிக்குத் தலைவரானவர். 1993இல் வாலஸ் அம்மையார் மறைந்தார். அவர் பெயரால் ஸ்லோன் பள்ளியில் கறுப்பின ஆய்வு மாணவர்க்கு உதவும் நிதி நிறுவப்பட்டுள்ளது. விலக்கி வைக்கத் தரப்பட்ட பணத்தில் தொடங்கிய வாழ்வு, வருக என்று அழைக்கும் பணமாக நிறைவெய்தியது.

நமக்குரிய கடமை

1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பினத் தலைவர் டுபாய்ஸுக்கு ஒரு மடல் எழுதினார். தீண்டப்படாதோர் நிலைக்கும் கறுப்பின மக்கள் நிலைக்கும் உள்ள ஒப்புமையை அதில் சுட்டி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அவர்கள் அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். பிறர் போராட்டத்தினின்று கற்பது நம் மரபு. சாதி நிலைபெறுவதற்குப் பெண்ணைக் கட்டுப்படுத்துதலே கருவி என்று 1916இலேயே எழுதியவரும் அண்ணலே. ஆகவே பெண்ணின் நிலையை அளக்காமல் சமுதாயத்தின் நிலையை அளக்கவியலாது.

இனி நம் கழகத்தின் பதிவேட்டைத் திறந்து பார்ப்போம். ஒரு பெண்பிள்ளை சேர்ந்த நாள் இருக்கிறது. தந்தை பெயர், ஊர், மதிப்பெண் இருக்கின்றன. அவள் படிப்பை நிறுத்தினால் ‘நீங்கினாள்’ என்னும் ஒரே சொல். தேறினால் ‘தேறினாள்’ என்னும் ஒரே சொல். அதற்கப்பால் வெற்றுத்தாள். ஏன் நீங்கினாள்? திருமணமா, வீட்டு வறுமையா, பள்ளிக்குச் செல்லும் வழியில் நேர்ந்த அவமானமா? தேறியவள் என்ன வேலைக்குச் சென்றாள்? அவளோடு படித்த ஆண்பிள்ளைக்கு என்ன ஊதியம், அவளுக்கு என்ன? ஆசிரியைப் பயிற்சி பெற்றவள் எத்தனை ஆண்டு காத்திருந்தாள்? பட்டம் பெற்றும் கூலி வேலைக்குச் செல்பவள் எத்தனை பேர்? இவற்றை நாம் எழுதி வைக்கவில்லை. இது பிறர் செய்த குற்றமன்று, நம் குறை.

இக்குறையைத் தீர்க்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆண்டுக்கொருமுறை, நம்மிடம் படித்துச் சென்ற ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் சென்று கேட்டெழுத நான்கு தொண்டர்களும் ஒரு குறிப்பேடும் போதும். எழுதி வைத்தால், உதவித்தொகையை எவ்வகுப்பில் கூட்ட வேண்டும், எந்த அலுவலகத்தின் முன் முறையிட வேண்டும் என்பது தானே தெரியும். எழுதாவிடில், ‘உங்கள் பெண்கள் படிக்கவில்லை, அதனால்தான் முன்னேறவில்லை’ என்று சொல்வோருக்கு நம்மால் விடை கூறவியலாது.

பொன்விழா காணும்போது நம் மலரில் தேர்ச்சிக் கணக்கோடு இந்தக் கணக்கும் வெளிவருதல் வேண்டும். அதன் முதற்பக்கத்தை இவ்வாண்டே தொடங்குவோமாக.